ஆனையிறவு என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: நான் அக்கராயனில் வசிக்கிறேன். சென்ற மாதம் கிளிநொச்சியில் உள்ள கடையொன்றில், 'எங்கள் மாவட்ட உற்பத்தி' என்று பலகை தொங்கிய தட்டிலிருந்து உப்புப் பைக்கற் ஒன்று வாங்கினேன். முகப்பில் எங்கள் உப்பளத்து ஊரின் பெயர், 'ஆனையிறவு' என்று பெரிய எழுத்து. மற்ற உப்பைவிட விலை கூட. எங்கட சனத்தின் உழைப்பு என்று நினைத்துத்தான் கொடுத்தேன். வீட்டில் பின்பக்கத்தைப் பார்த்தால், பொதி செய்தவர் வேறு மாகாணத்துத் தனியார். எங்கே விளைந்தது என்று ஒரு வரிகூட இல்லை. கடைக்காரரோ, "அடிச்சு வாறதுக்கு நான் என்ன செய்யிறது அம்மா? பார்கோட் 479, இலங்கைச் சாமான்தான்" என்கிறார். எனக்குச் சட்டத்தில் வழி உண்டா?

- வாசகி, அக்கராயன்

பதில்: வழி உண்டு, அம்மா. ஆனால் அவசரப்பட்டு 'மோசடி' என்று சொல்லிவிடாதீர்கள். உப்பை மூட்டையாக ஏற்றிப்போய், அயடீன் சேர்த்து, வேறு மாகாணத்தில் பொதி செய்யலாம். அதனால் அது ஆனையிறவு உப்பு இல்லை என்றாகிவிடாது. பொதி செய்த இடம் வேறு, விளைந்த பாத்தி வேறு. நீங்கள் கேட்க வேண்டியது பாத்தியைப் பற்றி.

உப்பு அங்கே விளையவில்லை என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பொருந்தும். நுகர்வோரைத் தவறாக எண்ணச் செய்யும், அல்லது செய்யக்கூடிய வியாபார நடத்தை குற்றம் என்கிறது அது. 'செய்யக்கூடிய' என்ற சொல்தான் உங்களுக்குப் பலம். இதைத் தவிர, உணவுப் பொருளுக்குப் பொய்யான, மயக்கம் தரும் லேபிள் இடுவதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் தடைசெய்கிறது.

கடைக்காரரின் இரண்டு பதில்களும் நிற்காது. பைக்கற்றில் அச்சிட்டது வேறொருவராக இருக்கலாம். பலகையைத் தொங்கவிட்டவர் அவர்தான். அது அவருடைய சொந்த வாக்கு. அடுத்து, 479 என்பது அந்த எண்ணைப் பெற்ற நிறுவனம் இலங்கையில் பதிவுசெய்தது என்பதை மட்டுமே காட்டும். இந்தியாவில் பெறும் எண் 890இல் தொடங்கும். வெளிநாட்டு உப்பை இங்கே பொதி செய்தாலும் 479 வரலாம். 2025இல் மழையால் உள்நாட்டு விளைச்சல் கெட்டு, இந்தியாவிலிருந்து உப்பு வந்ததை மறந்துவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பற்றுச்சீட்டு இல்லையென்றால் கடையில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை.

2. பைக்கற்றின் இரு பக்கத்தையும், தொகுதி இலக்கத்தையும், அந்தப் பலகையையும் படமெடுங்கள். பலகையை நாளைக்கே கழற்றிவிடலாம்.

3. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி அதிகாரசபை கட்டளையிடலாம். வழி கேட்க 1977ஐ அழையுங்கள். முறைப்பாட்டில் 'இது பொய்' என்று எழுதாமல், 'உப்பு எங்கே கொள்வனவு செய்யப்பட்டது என்பதற்கு ஆவணம் காட்டச் செய்யுங்கள்' என்று கேளுங்கள்.

4. லேபிள் குறைபாட்டை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

உப்பளக்காரருக்கும் தனி வழி உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, பொருளின் புவியியல் மூலம் பற்றி மக்களை ஏய்ப்பதை நேர்மையற்ற போட்டியாகக் கருதுகிறது. 2025 மார்ச்சில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை மீண்டும் திறந்தபோது, அங்கிருந்து வந்த உப்புக்கு 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயர் வைத்ததை எங்கள் மக்கள் எதிர்த்தார்கள். எங்கள் உப்புக்கு எங்கள் ஊரின் பெயர் வேண்டும் என்று கேட்டவர்கள், அந்தப் பெயரை வேறு உப்பு சுமந்து வந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

உப்பைப் போத்தலில் கொட்டியிருப்பீர்கள். பரவாயில்லை; வெறும் பைக்கற்றை எறிந்துவிடாதீர்கள். வழக்கு அதில்தான் இருக்கிறது.