எண்ணிப் பார்ப்பதும் கேட்டுப் பார்ப்பதும்



சுகாதார ஆய்வு என்று லயத்துக்கு வருபவர்கள் இரண்டு விதமாக விபரம் எடுப்பார்கள். எண்ணி, அளந்து எடுப்பது அளவுசார் முறை. இருந்து பேசி அறிவது பண்புசார் முறை. இரண்டும் ஏன் வேண்டும்? யாழ்ப்பாணத்து நீர்வேலியைப் பாருங்கள்.

அங்கே வற்றாத ஆறு இல்லை, கிணறுதான். வாழைத் தோட்டத்து உரமும், மலசலகூடக் குழிக் கழிவும் சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடி நீரில் ஊறும். அதனால் நைத்திரேற்று கூடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது எல்லை மீறியதைச் சோதனைகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மிஞ்சினால், அந்தத் தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுக்கும் பச்சைப் பிள்ளையின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து, உடம்பு நீலம் பாயலாம்.

இது அளந்து அறிந்தது. ஆனால் தாய் என்ன நினைக்கிறாள்? பேசினால்தான், "நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்" என்பது போன்ற பதில் வெளிவரும். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். ஆகவே அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு: பிள்ளைக்குச் சோதித்த வேறு தண்ணி எடுங்கள்.

நம் லயத்திலும் செய்து பாருங்கள். இந்த மாதம் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று எண்ணுங்கள். பிறகு, பீலித் தண்ணியை ஏன் கொதிக்க வைப்பதில்லை என்று கேளுங்கள். விறகு இல்லையா? மலையால் வர நேரமாகுதா? குற்றம் சொல்லாமல் கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.