பெட்டி வைத்தால் போதுமா? மாணவர் குரலைக் கேட்க நினைக்கும் பள்ளிகளுக்கு

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்து வகுப்பறை ஒன்றில் தோல்ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தொழிலாளி வீட்டுப் பிள்ளையும், பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளையும், வீட்டில் உருது பேசும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடும். ஒருவர் படும் சிரமம் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது; கேட்டால்தான் தெரியும். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. இந்தியா அதை 1992-இல் ஏற்றது. தமிழக அரசுப் பள்ளிகளில், மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியும் வந்துவிட்டது. அதில் இரண்டாவது சீட்டு விழுமா என்பது, முதல் சீட்டுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது.

செய்ய வேண்டியவை

1. குறிப்பாகக் கேளுங்கள். “ஏதாவது குறை இருக்கா?” என்றால் “இல்லை சார்” என்றுதான் வரும். “எந்தப் பாடவேளையில் சந்தேகம் கேட்கப் பயமா இருக்கு?”, “பாத்ரூம் போகாம அடக்கிக்கிறீங்களா, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அப்போது தெரியவரலாம். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத மாணவிக்கு மத்தியானம் தலை வலிக்கும்; கணக்கு ஏறாது.

2. எழுதத் தயங்குபவருக்கு வேறு வழி கொடுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள், பள்ளியில் பிடித்த இடத்தையும் போகப் பயப்படும் இடத்தையும் வரைந்து காட்டட்டும். உருது எளிதாக வருபவர் உருதுவிலேயே சொல்லட்டும்.

3. பெட்டியைக் குறித்த நாளில், இரண்டு பேர் சேர்ந்து திறவுங்கள். ஒருவர் ஆசிரியையாக இருக்கட்டும். பொதுவான விஷயங்களுக்கு ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் எழுதுங்கள்: எது முடிந்தது, எது நடக்கிறது, எது முடியாது, ஏன் முடியாது.

4. பாடம் முடிந்ததும் புரியாத ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

5. செலவு பிடிக்கும் கோரிக்கைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள்.

6. 1098 (குழந்தைகள் உதவி), 14417 (கல்வி உதவி) ஆகிய எண்களைப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள். தலைமையாசிரியர் அறைச் சுவர் அதற்கான இடமல்ல.

செய்யக்கூடாதவை

1. வகுப்புத் தலைவரையும் முதல் மதிப்பெண்காரரையும் மட்டும் கேட்காதீர்கள். அரசுப் பள்ளிகளின் ‘மகிழ் முற்றம்’ மாணவர் அணிகளின் தலைவர்கள் பேசுவது நல்லதுதான். ஆனால் அடிக்கடி லீவு போடும் பையனுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது.

2. கையெழுத்தை வைத்து, “இது யார் எழுதினது?” என்று துப்புத் துலக்காதீர்கள். ஒரே ஒரு முறை கேட்டாலும் பெட்டி காலிதான்.

3. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் சீண்டல் பற்றித் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயக் கடமை. “உன்னைப் பாதுகாக்க யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்” என்பதே நேர்மையான வார்த்தை. அந்தப் பிள்ளையின் பெயர் வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

4. எந்த ஆசிரியரைப் பற்றிப் புகாரோ, அவர் முன்னால் பிள்ளையை நிறுத்தி விசாரிக்காதீர்கள்.

5. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மாணவர் கூட்டம் வைக்காதீர்கள். வராதவருக்கு அக்கறை இல்லை என்று ஆகிவிடும்.

6. அதிகாரி வரும் நாளுக்காக மட்டும் மாணவர் மன்றத்தைக் கூட்டாதீர்கள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரா லண்டி, குழந்தைகளின் குரலை உண்மையாகக் கேட்பதற்கு 2007-இல் நான்கு தேவைகளைச் சொன்னார்: பேச இடம், சொல்ல வழி, கேட்க ஆள், சொன்னதால் வரும் விளைவு. நம் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன.

7. எல்லாவற்றுக்கும் “பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். காரணத்தோடு சொன்ன “முடியாது” என்பதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஒரு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரும் பதில்களில் காசில்லாமல் சரிசெய்யக்கூடிய ஒன்றை அந்த வாரமே சரிசெய்து, “நீங்க சொன்னதால செஞ்சோம்” என்று வகுப்பில் அறிவியுங்கள். அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்.