இல்லமே எல்லை



2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் பரவியபோது, வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் 14 நாள் வீட்டிலேயே தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டனர். பல ஊர்களில் அவர்தம் வாயில்களில் அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. 2022-இல் அவ்விதி நீக்கப்பட்டது. எனினும், தொற்றுநோய் நிலவும் நாட்டிற்குச் சென்று மீள்வோர் சில நாள் தனித்திருக்கும் தேவை இனியும் நேரலாம். அந்நாட்களை எவ்வாறு கழிப்பது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதற்கண் காரணத்தை உணர்வோம். கிருமி உடலிற் புகுந்த அன்றே நோய் வெளிப்படுவதில்லை. கொரோனா தோன்றிய காலத்தில், அறிகுறி தெரியப் பெரும்பாலோர்க்கு ஐந்து நாள் அளவும், சிலர்க்குப் 14 நாள் வரையும் ஆயிற்று. அறிகுறி தோன்றுமுன்னரே அது பிறர்க்குப் பரவுதலும் உண்டு. ஆகவே, நலமாயிருப்பதாக எண்ணி உலவும் ஒருவர், தாம் அறியாமலே வீட்டிலுள்ள முதியோரின் உயிருக்கு ஊறு செய்துவிடக்கூடும். கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிரையும் காக்க நீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். பெற்றோரின் உயிரைக் காக்க ஓர் அறைக்குள் அமர்ந்திருத்தல் நமக்கு அரிதாகுமோ?

நம் சிராவக ஒழுக்கத்தில் தேசாவகாசிகம் என்றொரு விரதம் உண்டு. வீடு, ஊர் என இடத்திற்கும், பட்சம், திங்கள் எனக் காலத்திற்கும் வரையறை செய்து, அவ்வெல்லையைக் கடவாதிருத்தலே அது. சமந்தபத்திர ஆச்சாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்குகிறார். எல்லைக்கு வெளியே ஆள் அனுப்புதல், வெளிப்பொருளை வரவழைத்தல், குரல் கொடுத்தல், உருவம் காட்டுதல், கல் முதலியன எறிதல் ஆகிய ஐந்தும் இதன் அதிசாரங்கள். கால் நின்றும் ஆசை வெளியே நடந்தால் விரதம் பழுதுறும் என்பதே இதன் கருத்து.

தனித்திருப்போர்க்கு உணவும் மருந்தும் பிறர் கொணர்ந்து வாயிலில் வைத்தல் இன்றியமையாதது. அதனைக் குறையாகக் கொள்ள வேண்டா. பொழுது போகவில்லையென்று கைப்பேசி வழியே பொருள்மேல் பொருளாக வரவழைப்பதும், நண்பரை வாயிலுக்கு அழைத்து அளவளாவுவதுமே தவிர்க்கத்தக்கவை.

காற்றோட்டமுள்ள தனியறை, தனிப் பாத்திரம், தனித் துண்டு ஆகியவற்றை முதலில் ஒதுக்கிக்கொள்க. காலையும் மாலையும் உடல் வெப்பத்தை அளந்து குறித்துவைக்க. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்க.

பின்னர் நாளைப் பகுத்துக்கொள்க. விடியலில் இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகம் செய்யலாம். அதன்பின் அறைக்குள்ளேயே உடற்பயிற்சி. பகலில் சுவாத்தியாயம். நாலடியாரில் 40 அதிகாரங்கள் உள்ளன. நாள்தோறும் மூன்று பயின்றால், 14-ஆம் நாளில் நூல் முழுதும் நிறைவுறும். கதிரவன் மறையுமுன் உணவு. மாலையில், கதவுக்கு அப்பாலிருக்கும் பிள்ளைகட்கு அன்று பயின்றதைத் தொலைபேசியிற் கூறலாம். தனிமை உள்ளத்தை வருத்தின், அதனை மறைக்காது உற்றாரிடம் சொல்லுதலும் வேண்டும்.

பிறர் ஆணைக்கு அஞ்சி அடைபட்டிருப்போர்க்கு அந்நாட்கள் சிறையாகவே தோன்றும். உயிர்கள்பால் கொண்ட அருளால் தாமே எல்லை வகுத்து அமர்ந்திருப்போர்க்கு அவையே விரத நாட்களாகும். நாம் இரண்டாம் வழியை மேற்கொள்வோமாக!