எந்தக் கல்லூரி என்று கேட்கும்முன், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் வீடுகளில் பொறியியல் பேச்சு தொடங்கிவிடும். கல்லூரி விளம்பரங்களில் ஏ.ஐ.சி.டி.இ., நாக், என்.பி.ஏ. என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பெற்றோர் பலரும் மூன்றும் ஒன்றே என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி அல்ல.

ஏ.ஐ.சி.டி.இ. தருவது நடத்துவதற்கான அனுமதி. கடை திறக்க லைசென்ஸ் வாங்குவது போலத்தான். சரக்கு நல்லதா என்பதற்கு அது சாட்சி இல்லை. நாக், கல்லூரி முழுவதையும் சேர்த்து மதிப்பிடும். என்.பி.ஏ. மட்டுமே ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாக ஆராய்கிறது. வெளியிலிருந்து நிபுணர் குழு வந்து ஆசிரியர் எண்ணிக்கை, ஆய்வுக்கூடம், வினாத்தாள், விடைத்தாள், மாணவர் செய்த புராஜெக்ட் எல்லாவற்றையும் பார்க்கும். படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதே அங்கே முக்கியக் கேள்வி. ஆகவே ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இந்த அங்கீகாரம் இருக்கும், பக்கத்துக் கட்டடத்து சிவிலுக்கு இருக்காது. கிடைத்தாலும் மூன்று அல்லது ஆறு ஆண்டுகளுக்குத்தான்.

சபுராளிக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். 2018-ல் குவைத்தில் பொறியாளர்களின் இகாமாவைப் புதுப்பிக்க, அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். இந்தியப் பட்டம் என்றால் என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று அந்தச் சங்கம் பார்த்தது. பல ஆண்டு அங்கேயே வேலை பார்த்தவர்களும் சிக்கிக்கொண்டார்கள். என்.பி.ஏ. தொடங்கியதே 1994-ல், அதற்கு முன் படித்தவர் அதை எங்கே போய்த் தேடுவார்? அவர்கள் மேல் தவறில்லை. இன்று சேரும் பிள்ளைகளுக்கோ முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. 1989-ல் சில நாடுகள் சேர்ந்து, ஒருவர் பொறியியல் பட்டத்தை மற்றவர் ஏற்பது என்று செய்துகொண்டது. இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது. ஆனால் என்.பி.ஏ.யின் 'டயர் 1' அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கே அது செல்லும். பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அந்த வகையில் வரும்; தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கு 'டயர் 2'. விளம்பரத்தில் இந்த வேறுபாடு தென்படாது.

சான்றிதழை மட்டும் நம்பியும் பயனில்லை. 2024-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில், ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல இடங்களில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது வெளிவந்தது. எனவே நேரில் போய், இறுதியாண்டு மாணவர் இரண்டு பேரிடம் தனியாகக் கேளுங்கள்: இந்த செமஸ்டரில் எந்த ஆசிரியர் என்ன பாடம் எடுத்தார்? லேபில் கருவியை நீங்களே இயக்கினீர்களா, பார்த்து எழுதினீர்களா?

அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்பது என்.பி.ஏ. இணையதளத்திலேயே இருக்கிறது. பிள்ளை படித்து முடிக்கும்போது அங்கீகாரம் நடப்பில் இருந்தால், அதன் நகல் ஒன்றைக் கல்லூரியில் கேட்டு வாங்கிப் பட்டச் சான்றிதழோடு வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் கேட்கும்போது இங்கே அலைய வேண்டியிருக்காது.