விசைத்தெளிப்பானில் மேக்னெட்டோவைச் சோதிக்கும் முறை

பூச்சி பெருகும் சமயத்தில் விசைத்தெளிப்பான் இயங்காவிடில், ஒரு நாள் தாமதமும் நட்டத்தில் முடியும். பெட்ரோல் வந்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையெனில் மேக்னெட்டோவைக் கவனித்தல் வேண்டும். இதற்கு பாட்டரி தேவையில்லை. ஃபிளைவீலில் உள்ள காந்தம் சுழல்வதால் காயிலில் மின்சாரம் உண்டாகிறது. பாயிண்ட் திறக்கும்போது பிளக்கில் பொறி உண்டாகிறது.

சோதிக்கும் முறை

1. எஞ்சின் ஆறியபின் பெட்ரோல் குழாயை மூடி, சிந்திய பெட்ரோலை நன்கு துடைக்கவும். பொறியால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

2. பிளக்கைக் கழற்றி, கரியை நீக்கி, இடைவெளியைச் சுமார் 0.6 மி.மீ. வைக்கவும்.

3. பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடுமாறு, பிளக் துளைக்கு எட்டத்தில் வைக்கவும். சுவிட்சைப் போட்டுக் கயிற்றை வேகமாக இழுக்கவும். வயரை வெறுமனே தொங்கவிட்டு இழுத்தால் காயில் கெடும்.

நீலநிறப் பொறி வந்தால் மேக்னெட்டோ நன்றாக உள்ளது. பொறி இல்லையெனில் முதலில் புதிய பிளக், அடுத்து சுவிட்ச் வயர், பிறகு பாயிண்ட் என வரிசையாகப் பார்க்கவும். பாயிண்டின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வைக்கவும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்றவும். எலக்ட்ரானிக் முறை எஞ்சின்களில் பாயிண்ட் கிடையாது.

குளிர்ந்த நிலையில் ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் பொறியை அப்போதே சோதிக்கவும். சூட்டில் மட்டும் பொறி மறைந்தால் பெரும்பாலும் காயில் பழுதாகியிருக்கும். இவ்வாறு பார்த்தபின் பழுதான பாகத்தை மட்டும் மாற்றினால் வீண் செலவு மிச்சமாகும்.