நினைத்தவுடன் வண்டி நிற்குமா?

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது என்றாலே மாணவியர் உள்ளம் பூரிக்கும். புதுச் சீருடை, அட்டை போட்ட புத்தகங்கள், புதிய வகுப்பு! ஆனால் காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாயிலுக்கு முன்னுள்ள சாலையைப் பாருங்கள். பேருந்து, வேன், ஆட்டோ, ஸ்கூட்டர், மிதிவண்டி, நடந்து வருவோர் என அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே வாயிலை அடைய விரைகின்றனர். அந்த வேளையில் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஓடும் வண்டி நினைத்தவுடன் நிற்காது.

இதை ஒரு கணக்கால் அறியலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு, ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். பிரேக் பிடித்த பிறகும் நல்ல சாலையில் சுமார் 9 மீட்டர் ஓடியே வண்டி நிற்கும். ஆக மொத்தம் 20 மீட்டர். வேகம் 60 கி.மீ. ஆனால், முதல் விநாடியில் 17 மீட்டர், பிறகு 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ இரண்டேகால் மடங்காகிவிட்டது! மழையில் நனைந்த சாலையில் இன்னும் அதிகமாகும்.

வேகம் மட்டுமன்று, பார்வைக் குறையும் ஆபத்தே. பெரிய வண்டியின் முன்புறத்தை ஒட்டியோ பின்புறத்தை ஒட்டியோ நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணில் படாது. 2022 மார்ச் மாதம் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வேன் பின்னோக்கி வந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அதன்பின் அவ்வாண்டிலேயே பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமரா பொருத்த வேண்டும் எனத் தமிழக அரசு விதி செய்தது. விதி வந்தது, போன உயிர் வரவில்லை.

ஆகவே மாணவியரே, நாம் செய்ய வேண்டியவை எவை?

1. சாலையைக் கடக்குமுன் வலப்புறம், இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்த்து, ஓடாமல் நடந்து கடக்க வேண்டும்.

2. பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் குறுக்கே செல்லலாகாது. பேருந்து சென்று, சாலை தெளிவாகத் தெரிந்த பின்னரே கடக்க வேண்டும்.

3. நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும்.

4. ஸ்கூட்டரின் பின்னால் அமரும்போது தாவணியையும் துப்பட்டாவையும் நன்கு செருகிக்கொள்ள வேண்டும். பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் விதி.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தையும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். உரிய வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்று, பிள்ளையின் உயிரை எண்ணியும் சாவியை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

விரைவுக்குப் பெரும்பாலும் காரணம் தாமதமே. இரவே பையை அடுக்கி, சீருடையை எடுத்து வைத்தால் காலையில் பத்து நிமிடம் மிச்சமாகும். பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். மணியடித்த பின் வரும் மாணவிக்கு ஒரு கண்டிப்போடு போகும். அவசரத்தில் சாலையில் இழப்பதை எவராலும் திருப்பித் தர இயலாது. ஆதலால் முன்னதாகப் புறப்படுவோம், நிதானமாகச் செல்வோம், நலமாக வீடு திரும்புவோம்.