பேனாவால் அடித்த பெயர்



சென்ற இதழில் பிலடெல்ஃபியாவின் ஆங்கிலிகன் குரு ஜேக்கப் டுஷேயை ‘ராஜ விசுவாசி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அமெரிக்க காங்கிரஸுக்கே ஜெபம் செய்தவர் எப்படி ராஜ விசுவாசி ஆவார் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

1774 செப்டம்பர் 7 அன்று பிலடெல்ஃபியாவில், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதல் காங்கிரஸுக்கு ஜெபம் நடத்தியவர் அவர்தான். பாஸ்டனில் பிரிட்டிஷார் குண்டு போடுகிறார்கள் என்ற வதந்தி ஊரைக் கலக்கியிருந்த நேரம். ஜெபப் புத்தகத்தில் அன்றைக்கென்று இருந்ததோ 35ஆம் சங்கீதம். எதிரிகளோடு எனக்காக நீரே போரிடும் என்று கடவுளிடம் முறையிடுவது. பிரதிநிதிகளில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் நெகிழ்ந்துபோய் அதைப் பற்றி மனைவிக்கு எழுதினார்.

1776 ஜூலை 4 அன்று டுஷே குருவாயிருந்த கிறைஸ்ட் சர்ச்சின் சபைக் கமிட்டி கூடி, அரசருக்கான ஜெபங்களை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தது. டுஷே பேனாவை எடுத்து, ஜெபப் புத்தகத்தில் மூன்றாம் ஜார்ஜுக்கான வரிகளை அடித்தார். அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது.

அது வெறும் மைக்கோடு அல்ல. அன்று ஆங்கிலிகன் குருவாகப் பட்டம் பெற அரசருக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அப்போது பிஷப் கிடையாது என்பதால் அதற்காகவே கப்பலேறி லண்டன் போக வேண்டியிருந்தது. வியாபாரியோ விவசாயியோ மனசுக்குள் கட்சி மாறிக்கொள்ள முடிந்தது. குருவானவரோ ஞாயிறுதோறும் சபைக்கு முன்னால் அரசர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, அல்லது எல்லோருக்கும் தெரிய விழுங்க வேண்டியிருந்தது. பலர் கோயிலையே பூட்டிவிட்டார்கள்.

அந்த வரிகளை அடித்த சில நாளில் காங்கிரஸ் டுஷேயைத் தன் குருவாக நியமித்தது. அக்டோபரிலேயே விலகிக்கொண்டார். 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் ஹோவின் படை நகரைப் பிடித்ததும் டுஷேக்கு ஓர் இரவு சிறை. வெளியே வந்து, அக்டோபர் 8 அன்று அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனுக்கு நீண்ட கடிதம் எழுதினார்: சுதந்திரப் பிரகடனத்தைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள், காங்கிரஸ் மறுத்தால் நீங்களே படையோடு நின்று சமாதானம் பேசுங்கள்.

பயந்தார் என்பதை நான் மன்னிப்பேன். தளபதியிடம் போய், உம்மை நியமித்த சபையை மீறும் என்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வாஷிங்டன் கடிதத்தை ஒளிக்காமல் காங்கிரஸுக்கே அனுப்பிவைத்தார். பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் டுஷேயின் மைத்துனர். அவர் எழுதிய பதிலில் அனல் பறந்தது. டிசம்பரில் டுஷே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பென்சில்வேனியா அவரைத் துரோகி என்று அறிவித்துச் சொத்தைப் பறித்தது.

ஆகவே ‘ராஜ விசுவாசி’ என்ற சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்து, இரண்டையும் காப்பாற்ற முடியாமல் போனவர்.

1792-இல், உடல் தளர்ந்தபின், பிலடெல்ஃபியாவுக்குத் திரும்பினார். கிறைஸ்ட் சர்ச்சின் பொறுப்பில் அப்போது இருந்தவர் வில்லியம் வைட். ஒரு காலத்தில் டுஷேக்கு உதவியாளர். அவரும் அதே லண்டனில், அதே சத்தியம் செய்து வந்தவர்தான்.